பாடகியும் பணிப்பாளரும்: ஜோன் குறொஸும் போர்க்காலத்து ஆங்கில ஒபராவும்

1

கலைவரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மேடையில் தோன்றியவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். அம்மேடை நிலைபெறுவதற்கு உழைத்தவர்கள் பற்றிய செய்திகள் அடிக்குறிப்புகளில் ஒடுங்கிவிடுகின்றன. ஒருவரே கலைஞராகவும் நிர்வாகியாகவும் இருந்தவிடத்தும் இந்நிலை மாறுவதில்லை. அவருடைய குரல் நினைவில் நிற்க, நிர்வாகம் மறக்கப்படுகின்றது. பிரித்தானியாவின் ஒபராப் பாடகியான ஜோன் குறொஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆவார். பெஞ்சமின் பிரிற்றனின் ஐந்து ஒபராக்களில் முக்கிய பாத்திரங்களை முதன்முதலிற் பாடியவர் என்ற வகையில் இசை பயில்வோர் அவரை அறிவர். ஆனால், இரண்டாம் உலகப்போரின் மிக இடர்மிகுந்த ஆண்டுகளில் ஓர் ஒபராக் குழுவைச் சிதையாது காத்து, அதனைத் தொழிலாளர் வாழும் நகரங்களுக்கு இட்டுச் சென்று, ஈற்றில் ஒரு புதிய படைப்பின் பொருட்டுத் தமது பதவியையே இழந்த பணிப்பாளர் அவர் என்பது போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை.

இக்கட்டுரையில் அவ்விரண்டாவது ஜோன் குறொஸையே நாம் முதன்மையாக நோக்க முனைகின்றோம். ஒரு கலைவடிவம் எவருக்கு உரியது என்ற வினா, கலைப்படைப்பின் உள்ளடக்கத்தால் மட்டும் விடை காணப்படுவதன்று. அரங்கின் வாயில் எவருக்குத் திறந்திருக்கின்றது, எந்த மொழியிற் பாடப்படுகின்றது, எந்த ஊருக்குக் குழு செல்கின்றது, எதனை மேடையேற்றுவது என்று முடிவுசெய்பவர் யார் என்பனவற்றாலும் அவ்விடை தீர்மானிக்கப்படுகின்றது. குறொஸின் வாழ்க்கை இவ்வினாக்கள் அனைத்தையும் ஒருங்கே எழுப்புகின்றது என்பதே எமது கருத்தாகும்.

தொடர்வதற்கு முன்னர்ச் சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு அவசியமாகின்றது. பாத்திரங்களின் கூற்று முழுவதுமோ பெரும்பகுதியுமோ பாட்டாகவே அமைந்து, வாத்தியக் குழுவின் துணையோடு நிகழ்த்தப்படும் ஐரோப்பிய நாடக வடிவமே ஒபரா. எம்மிடையே இசைநாடகம் என வழங்கும் மேடை வடிவம் வேறொரு வரலாற்றை உடையது. இவ்விரண்டும் மயங்காதிருத்தற்பொருட்டு ஒபரா என்ற சொல்லையே இங்கு ஆள்கின்றோம்.

2

குறொஸ் வளர்ந்த சூழலை விளங்கிக்கொள்ளாமல் அவருடைய பணியை மதிப்பிடுதல் இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஒபரா என்றால் அது முதற்கண் கொவென்ற் கார்டன் அரங்கையே குறித்தது. அங்கு ஆண்டில் சில வாரங்கள் நடைபெறும் பருவகால நிகழ்ச்சிகளில், பிறநாட்டுப் பாடகர் பலர் இத்தாலிய, ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளிற் பாடினர். மாடத்தில் அமர்ந்திருந்த உயர்குடியினருக்கு அது கலையாக இருந்த அளவிற்குச் சமூகச் சந்திப்பாகவும் இருந்தது. நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு அம்மேடையிற் பாடப்பட்டது அந்நிய மொழி; அங்கே அறவிடப்பட்ட நுழைவுக் கட்டணம் அவர்களுக்கு எட்டாதது.

இதற்கு எதிர்முனையில், தேம்ஸ் நதியின் தென்கரையில், வறிய தொழிலாளர் செறிந்து வாழ்ந்த லம்பெத் பகுதியில் ஓல்ட் விக் என்ற அரங்கு இருந்தது. சமூகச் சீர்திருத்தவாதியான எம்மா கொன்ஸ் 1880இல் அதனைக் கையேற்று, மதுவுக்கு அடிமையாகும் தொழிலாளருக்கு மாற்றுப் பொழுதுபோக்களிக்கும் நோக்குடன், மதுவிலக்குக் கொள்கையின் அடிப்படையில் நடத்தி வந்தார். 1912இல் அவர் மறைந்த பின்னர் அவருடைய சகோதரியின் மகளான லிலியன் பெய்லிஸ் அரங்கின் பொறுப்பை ஏற்றார். சேக்ஸ்பியரின் நாடகங்களும் ஒபராவும் சாதாரண மக்களுக்கு உரியவை என்பதில் பெய்லிஸ் உறுதியான நம்பிக்கை கொண்டிருந்தார். ஒபராக்கள் ஆங்கிலத்திலேயே பாடப்பட்டன. நுழைவுச்சீட்டின் விலை குறைவாக வைக்கப்பட்டது. 1931 ஜனவரி 6ஆந் திகதி, இலண்டனின் வடபகுதியில் இஸ்லிங்ரனிலே சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கை அவர் புதிதாகத் திறந்தபோது அப்பணி மேலும் விரிவடைந்தது. காலப்போக்கில் நாடகம் ஓல்ட் விக்கிலும், ஒபராவும் பலேயும் சட்லர்ஸ் வெல்ஸிலும் நிலைகொண்டன.

இம்முயற்சியின் வர்க்கத் தன்மையை நாம் மறந்துவிடலாகாது. மத்தியதர வர்க்கத்துச் சீர்திருத்தவாதிகள், தொழிலாளரின் ஒழுக்கத்தை உயர்த்தும் நோக்குடன் மேலிருந்து வழங்கிய கொடையாகவே அது தொடங்கியது. மக்கள் அங்கு பெறுநராக இருந்தனரேயன்றித் தீர்மானிப்போராக இருந்திலர். எனினும், கொடை வழங்கியோரின் நோக்கத்தையும் கடந்து விளைவுகள் ஏற்படுவதுண்டு. மலிவான சீட்டும் தாய்மொழிப் பாட்டும் ஒரு புதிய அவையினரை உருவாக்கின; புதியதொரு கலைஞர் பரம்பரையையும் உருவாக்கின. ஜோன் குறொஸ் அப்பரம்பரையைச் சேர்ந்தவர்.

3

ஜோன் குறொஸ் 1900 செப்ரெம்பர் 7ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். சென் போல்ஸ் பெண்கள் பாடசாலையில் அவர் பயின்ற காலத்தில் அங்கு இசை கற்பித்தவர் இசையாக்குநர் குஸ்தாவ் ஹோல்ஸ்ற் ஆவார். பின்னர் திரினிற்றி இசைக் கல்லூரியில் பயிற்சி பெற்ற அவர், 1920களின் நடுப்பகுதியில் ஓல்ட் விக்கின் கூட்டுப்பாடகருள் ஒருவராகச் சேர்ந்தார். ஆங்கிலப் பாடகர் ஒருவர் அக்காலத்தில் பேர்பெறுவதாயின் இத்தாலிக்கோ ஜேர்மனிக்கோ சென்று வருதல் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. குறொஸின் வளர்ச்சி வேறு வழியில் நிகழ்ந்தது. மலிவான சீட்டில் வந்து அமர்ந்த அவையினர் முன்னிலையில், தாய்மொழியில், பல்வேறு பாத்திரங்களைத் தொடர்ந்து பாடியே அவர் தேர்ச்சியடைந்தார்.

சில ஆண்டுகளுள் அவர் தனிப்பாத்திரங்களுக்கு உயர்ந்தார். 1931இல் சட்லர்ஸ் வெல்ஸ் தோன்றியது முதல் அதன் முதன்மைப் பெண்குரற் பாடகியாக விளங்கினார். அதே ஆண்டில் கொவென்ற் கார்டனிலும் புச்சினியின் ‘லா பொஹேம்’ ஒபராவில் மிமியாகத் தோன்றினார். மொஸார்ட், வேர்டி, வாக்னர், புச்சினி முதலியோரின் படைப்புகளில் அவர் ஏற்ற பாத்திரங்கள் பல. 1930களில் ரஷ்ய இசையாக்குநர் றிம்ஸ்கி கொர்சக்கோவின் ஒபராக்களைச் சட்லர்ஸ் வெல்ஸ் ஆங்கிலத்தில் மேடையேற்றியபோதும், 1939இல் றிச்சட் ஸ்ற்றவுஸின் ‘றோசன் கவலியர்’ அங்கு மேடையேறியபோதும் அவர் முக்கிய பாத்திரங்களைப் பாடினார்.

தனியொரு நட்சத்திரத்தைச் சுற்றி அமையாது, ஒரே குழுவினர் ஆண்டு முழுவதும் ஒருங்கு உழைக்கும் முறையே சட்லர்ஸ் வெல்ஸின் அடிப்படையாக இருந்தது. இன்று தலைவியாகப் பாடுபவர் நாளை சிறு பாத்திரத்தை ஏற்பார். ஒத்திகை, உடை, மேடை, ஊதியம் ஆகிய அனைத்திலும் பற்றாக்குறை நிலவியது. இச்சூழலில் உருவான பாடகி ஒருவருக்கு அரங்கின் நடைமுறை முழுவதும் கூட்டுப்பாடகர் வரிசையிலிருந்தே தெரிந்திருந்தது. குறொஸ் பின்னாளிற் பணிப்பாளரானமை தற்செயலானதன்று என நாம் கூறுவது இதனாலேயே. 1937 நவம்பரில் பெய்லிஸ் மறைந்தபின் இரு அரங்குகளின் பொதுப்பொறுப்பும் நாடக நெறியாளர் ரைறோன் கத்றியிடம் வந்தது. போர் மூண்டபோது கத்றிக்குத் தேவைப்பட்டவர் அத்தகைய ஒருவரே.

4

1940 செப்ரெம்பர் 7ஆந் திகதி இலண்டன் மீது ஜேர்மன் விமானங்களின் தொடர் குண்டுவீச்சு ஆரம்பமாயிற்று. அன்று குறொஸுக்கு நாற்பது வயது நிறைவெய்தியது. சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கு மூடப்பட்டு, வீடிழந்த மக்களின் புகலிடமாக மாற்றப்பட்டது. 1941 மே மாதத்தில் ஓல்ட் விக்கும் குண்டுவீச்சினாற் சேதமுற்றது. ஐந்து ஆண்டுகள் வரை குழுவுக்குச் சொந்த மேடை இருக்கவில்லை.

இத்தகைய நிலையிற் குழுவைக் கலைத்துவிடுவதே இயல்பானதாகத் தோன்றியிருக்கும். ஆனால் கத்றியும் குறொஸும் மற்றொரு வழியைத் தெரிந்தனர். ஓல்ட் விக், சட்லர்ஸ் வெல்ஸ் அமைப்புகளின் தலைமையகம் இலண்டனிலிருந்து லங்காஷயர் மாகாணத்துப் பஞ்சாலை நகரமாகிய பேர்ன்லிக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்த விக்டோரியா அரங்கு அவற்றின் தளமாயிற்று. ஒபராக் குழு இருபது பேர் அளவினதாகக் குறுகியது. சுற்றுப்பயணம் அதன் வாழ்க்கையாயிற்று. குழுவை நடத்தும் பொறுப்பு குறொஸின் தோளில் விழுந்தது. 1943 முதல் 1945 வரை அவரே ஒபராக் குழுவின் பணிப்பாளராக விளங்கினார். முதன்மைப் பாடகியின் வாழ்வில் உச்சம் எனக் கருதத்தக்க நாற்பதுகளின் முற்பகுதியில், தமது குரலை இரண்டாம் இடத்தில் வைத்து நிர்வாகத்தை அவர் முன்வைத்தார். தேவை எழுந்தபோது மட்டும் தலைவிப் பாத்திரங்களையும் பாடினார்.

இருபது பேரைக் கொண்டு ஒபராவை நிகழ்த்துவது எவ்வாறு என்பது சிந்திக்கத்தக்கது. ஒபரா இயல்பாகவே மிகுந்த செலவை வேண்டும் கலை. பெரிய வாத்தியக் குழு, கூட்டுப்பாடகர், காட்சித்திரைகள், உடைகள், தொழில்நுட்பர் எனப் பல நூறு கைகள் அதற்குத் தேவை. கட்டாயப் படைச்சேவையினால் ஆண் பாடகரும் வாத்தியக்காரரும் அருகினர். 1941இன் இறுதியிற் பெண்களும் தேசிய சேவைக்கு அழைக்கப்பட்டனர். 1941 ஜூன் முதல் உடைகளுக்குப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. புகைவண்டிகள் படையினரால் நிறைந்திருந்தன. இரவில் ஊர்கள் இருளடைந்து கிடந்தன. இத்தடைகளுக்கு ஏற்பவே நிகழ்ச்சிகள் தெரிவு செய்யப்பட்டன. தொடக்கத்திற் குழு கொண்டு சென்ற படைப்புகளுள் மொஸார்ட்டின் ‘பிகாரோவின் திருமணம்’, வேர்டியின் ‘லா திராவியாற்றா’ ஆகியன அடங்கும். முன்னையது கூட்டுப்பாடகரிலும் பார்க்கத் தனிப்பாத்திரங்களின் ஊடாட்டத்திலேயே தங்கியிருப்பது. பின்னையது பெரும்பாலும் மூன்று பாத்திரங்களின் துயரத்தைச் சுமப்பது. குறைந்த ஆளணியுடன் சிதையாது நிகழ்த்தத்தக்கவை எவை என்பதை அறிந்த ஒருவரின் தெரிவாகவே இவற்றைக் காணல் வேண்டும். பாடகியின் அனுபவமே இங்கு நிர்வாக அறிவாக மாறுகின்றது.

1942 முதல் 1945இல் ஐரோப்பியப் போர் முடியும் வரை குழு ஓய்வின்றிச் சுற்றுப்பயணம் செய்து 87 இடங்களில் நிகழ்ச்சிகளை நடத்தியது. இருபது பேருடன் தொடங்கிய குழு படிப்படியாக ஐம்பதாகவும், பின்னர் எண்பதாகவும் வளர்ந்தது. இலண்டனிலும் அவ்வப்போது நியூ தியேற்றரில் அது பருவகால நிகழ்ச்சிகளை அளித்தது. பீற்றர் பியர்ஸ், ஓவன் பிரானிகன் முதலிய இளம் பாடகரும், றெஜினோல்ட் குட்டோல் என்ற இசை நடத்துநரும் இக்காலத்தில் குழுவில் இணைந்தனர். அழிவுக் காலத்தில் ஒரு நிறுவனத்தைக் காத்தல் ஒன்று. அதனை முன்னிருந்ததிலும் பார்க்க இளமை வாய்ந்ததாக மீளக் கட்டுதல் மற்றொன்று. குறொஸ் இரண்டையும் செய்தார்.

இம்முயற்சிக்குப் பொதுநிதியின் துணையும் இருந்தது. 1940இல் நிறுவப்பெற்ற இசை, கலைகள் ஊக்குவிப்புச் சபையின் ஆதரவு இத்தகைய சுற்றுப்பயணங்களுக்குக் கிடைத்தது. 1942 முதல் பொருளியலறிஞர் மேனாட் கெயின்ஸ் அச்சபையின் தலைவராக இருந்தார். போர் முடிந்தபின், 1946இல், அதுவே பெரிய பிரித்தானியக் கலைச்சபையாக உருப்பெற்றது. கலை தனவந்தரின் ஆதரவில் வாழும் நிலை மாறி, அரசின் பொறுப்பாக ஏற்கப்படும் நிலை தோன்றியமைக்குப் போர்க்கால அனுபவமே முக்கிய காரணமாயிற்று. கொவென்ற் கார்டன் அரங்கு போர்க்காலத்தில் நடனக்கூடமாக வாடகைக்கு விடப்பட்டிருந்தது என்பதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். உயர்குடியினரின் ஒபரா மேடை மௌனமுற்றிருந்த அவ்வாண்டுகளில், பஞ்சாலை நகரங்களில் ஒபரா ஒலித்தது. பொதுநிதி பெறும் உரிமை ஒபராவுக்கு உண்டு என்ற வாதத்திற்கு வலுவூட்டியது இந்நடைமுறையே எனலாம்.

5

1945இன் தொடக்கத்தில் போர் முடிவுறும் அறிகுறி தென்பட்டதும், சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கை எந்தப் படைப்புடன் மீளத் திறப்பது என்ற வினா எழுந்தது. மக்கள் நன்கறிந்த இத்தாலிய ஒபரா ஒன்றுடன் திறப்பது பாதுகாப்பான வழி. குறொஸ் தெரிந்தெடுத்ததோ, அதுவரை எவரும் கேட்டிராத, முப்பத்தொரு வயது இளைஞர் ஒருவரின் படைப்பு.

பெஞ்சமின் பிரிற்றனும் பீற்றர் பியர்ஸும் போர் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னதாக வட அமெரிக்கா சென்று, 1942 ஏப்ரலில் நாடு திரும்பியவர்கள். இருவரும் மனச்சாட்சியின் பேரில் படைச்சேவையை மறுத்தவர்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கவிஞர் ஜோர்ஜ் கிறப் 1810இல் வெளியிட்ட ஒரு கவிதைத் தொகுதியிலிருந்து ‘பீற்றர் கிறைம்ஸ்’ கதையைப் பிரிற்றன் எடுத்தாண்டார். இடதுசாரி எழுத்தாளரான மொன்ரேகியூ ஸ்லேற்றர் பாடலுரையை எழுதினார். அமெரிக்காவில் வாழ்ந்த இசை நடத்துநர் குசெவிற்ஸ்கியின் பெயரால் அமைந்த நிதியம் இதற்கான பணத்தை உதவியது. கிழக்கிங்கிலாந்துக் கடற்கரையூர் ஒன்றின் மீனவன் கிறைம்ஸ். அவனுடைய பயிற்சிச் சிறுவன் கடலில் மாண்டமையால் ஊரார் அவனைச் சந்தேகிக்கின்றனர். இரண்டாவது சிறுவனும் இறக்க நேரிட, ஊரின் வெஞ்சினம் அவனை வேட்டையாடி அழிக்கின்றது. அவன் பக்கம் நிற்க முயல்பவள் ஊர்ப் பள்ளி ஆசிரியையும் விதவையுமான எலன் ஓர்போட். அப்பாத்திரத்தைக் குறொஸ் ஏற்றார். பியர்ஸ் கிறைம்ஸாகப் பாடினார். குட்டோல் இசை நடத்தினார். எரிக் குறோசியர் நெறியாண்டார்.

ஒத்திகைகள் தொடங்கியதும் குழுவினுள் எதிர்ப்பு மூண்டது. இசை கடினமானது, காதுக்கு இனிமையற்றது, காலமும் பணமும் வீணாகின்றன என்பது ஒரு குற்றச்சாட்டு. பணிப்பாளரே தலைவியாகப் பாடுவதும் பியர்ஸுக்கு முதன்மை அளிக்கப்படுவதும் பாரபட்சமானவை என்பது இரண்டாவது. போர் மறுப்பாளர் சிலரின் முயற்சிக்குத் தேசிய மேடை ஒன்றைத் திறந்துவிடுதல் தகுமா என்ற மனக்கசப்பு மூன்றாவது.

இவ்வெதிர்ப்பைச் சிறுமதியாளரின் பொறாமை என ஒதுக்கிவிடும் போக்கு, படைப்பின் பிற்கால வெற்றியைக் கொண்டு பின்னோக்கித் தீர்ப்பளிப்பதாகும். நாம் அவ்வாறு செய்தல் முறையன்று. ஐந்து ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து களைத்த தொழிற் கலைஞர்கள் அவர்கள். போருக்குப் பின் குழுவின் நிலை என்ன, தமது வேலை நிலைக்குமா என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருத்தல் இயல்பே. பணிப்பாளர் ஒருவர் தம்மையே தலைமைப் பாத்திரத்துக்குத் தெரிவுசெய்வது, அத்தெரிவு கலைநோக்கில் எத்துணைச் சரியானதாயினும், நிறுவன ஒழுங்கு என்ற நோக்கிற் கேள்விக்குரியதே. பாடகியாகவும் பணிப்பாளராகவும் ஒருவரே இருப்பதன் வலிமையை முன்னர்க் கண்டோம். அதன் உள்முரண்பாடு இங்கே வெளிப்படுகின்றது. கூட்டுழைப்பால் வாழ்ந்த குழுவில், இறுதி முடிவு ஒருவர் கையில் இருந்தது. சுற்றுப்பயணத்தின் இடர்கள் மறைத்து வைத்திருந்த அம்முரண்பாட்டைச் சமாதானம் வெளிக்கொணர்ந்தது.

எனினும், மூன்று குற்றச்சாட்டுகளையும் ஒரே தராசில் இடுதல் பொருந்தாது. பாரபட்சம் என்பது விவாதத்துக்குரியது. இசை கடினமானது என்பது உண்மை. ஆயின் கடினமானதை மக்கள் ஏற்கமாட்டார் என்பது நிறுவப்படாத ஊகம். போர் மறுப்பாளர் என்ற காரணத்தால் ஒரு படைப்பை மறுப்பதோ, கலைஞனின் மனச்சாட்சியைப் பெரும்பான்மையின் சினத்துக்கு ஒப்புக்கொடுப்பதாகும். மேடையில் நிகழவிருந்த கதையும் அதுவே. ஊரே திரண்டு ஒருவனைத் துரத்தும் கதையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த குழு, தன்னுள்ளேயே அதன் சாயலைக் கண்டது. எலன் ஓர்போட்டாக ஒத்திகை பார்த்த குறொஸுக்கு இவ்வொற்றுமை புலப்படாதிருந்திருக்கும் என நாம் எண்ணவில்லை.

குறொஸ் பின்வாங்கவில்லை. 1945 ஜூன் 7ஆந் திகதி, ஐரோப்பியப் போர் முடிந்து சரியாக முப்பது நாட்களின் பின்னர், ‘பீற்றர் கிறைம்ஸ்’ சட்லர்ஸ் வெல்ஸில் அரங்கேறியது. வெற்றி ஐயத்துக்கிடமின்றி அமைந்தது. அக்காலத்தில் இலண்டன் வந்திருந்த அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், போரினால் ஏற்பட்ட உள்ளக் காயங்களின் வெளிப்பாட்டை அப்படைப்பிற் கண்டு விரிவாக எழுதினார். ஒருசில வாரங்களின் பின்னர் நிகழ்ந்த பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி பெருவெற்றி ஈட்டியது. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என நாம் கூறவில்லை. ஆயின், பழைய ஒழுங்குக்கு அப்படியே திரும்புவதற்கு விரும்பாத ஒரு மக்கள் கூட்டம் அவ்வாண்டில் இருந்தது என்பதற்கு இரண்டும் சான்று பகர்கின்றன. வெற்றியைக் கொண்டாடும் பாடல்களை எதிர்பார்த்திருக்கக்கூடிய அவையினருக்கு, தம் சமூகத்தின் கொடுமையைக் காட்டும் படைப்பொன்று அளிக்கப்பட்டது. அவர்கள் அதனை ஏற்றனர்.

குழுவின் உட்பூசலை இவ்வெற்றி தணிக்கவில்லை. குறொஸின் பணிப்பாளர் பதவி முடிவுக்கு வந்தது. 1945 டிசம்பரளவில் அவரும் குறோசியரும் பிரிற்றனும் சட்லர்ஸ் வெல்ஸுடனான தொடர்பை முறித்துக்கொண்டனர். குழுவை மீளக் கட்டும் பொறுப்பைக் கிளைவ் கேரி ஏற்றார். ஐந்து ஆண்டுகள் ஒரு நிறுவனத்தை உயிருடன் வைத்திருந்தவர், அதன் வாயில் மீளத் திறந்த அதே ஆண்டில் வெளியேற நேர்ந்தது. வரலாற்றின் இத்தகைய முரண்நகை அரிதானதன்று.

6

வெளியேறியவர்கள் ஓயவில்லை. 1946 ஜூலையில் கிளைண்ட்போணில் அரங்கேறிய பிரிற்றனின் ‘லுக்கிரீசியா’ ஒபராவிற் குறொஸ் பெண் எடுத்துரைஞராகப் பாடினார். அதன் வாத்தியக் குழுவில் பதின்மூன்று பேரே இருந்தனர். 1947இல் ஆங்கில ஒபராக் குழு என்ற புதிய அமைப்பு உருவாயிற்று. குறொஸ் அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவர். சிறிய ஆளணி, சிறிய வாத்தியக் குழு, எளிதாகச் சுற்றுப்பயணம் செய்யும் ஆற்றல் என்பன அதன் கொள்கையாக அமைந்தன. போர்க்காலத்தில் வறுமையின் பொருட்டு மேற்கொள்ளப்பட்ட சுருக்கம், சமாதான காலத்தில் ஓர் அழகியற் கொள்கையாக உயர்ந்தமையை நாம் இங்கு காண்கின்றோம். பிரிற்றனின் அறைவகை ஒபராக்களின் பிறப்புக்குப் பல காரணங்கள் உண்டெனினும், லங்காஷயர் ஊர்களிற் சிறு குழுவைக் கொண்டு ஒபராவை நிகழ்த்திக் காட்டிய குறொஸின் அனுபவமும் அவற்றுள் ஒன்று எனக் கொள்வது தவறாகாது. அவ்வாண்டு ஜூனில் ‘அல்பேட் ஹெறிங்’ என்னும் நகைச்சுவை ஒபராவில், ஊரின் ஒழுக்கத்தைக் கட்டியாளும் சீமாட்டி பில்லோஸாக அவர் தோன்றினார்.

1948இல் ஆன் வூட் என்ற பாடகியுடன் இணைந்து ஒபராப் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவினார். பின்னர் தேசிய ஒபராப் பள்ளி எனப் பெயர் பெற்ற அந்நிலையம், பாட்டோடு நடிப்பையும் கற்றுத் தேறிய இளங் கலைஞரை உருவாக்கியது. அந்நிய நாடு செல்லாமலே ஓர் ஒபராக் கலைஞர் முழுமை பெறலாம் என்பதற்குத் தாமே சான்றாக இருந்த ஒருவர், அவ்வாய்ப்பைப் பிறர்க்கும் நிறுவன வடிவில் அமைத்துக்கொடுத்தார். நெறியாளராகவும் அவர் பணிபுரிந்தார். பிற்காலத்தில் நோர்வே நாட்டிலும் ஒபரா நெறியாள்கையில் ஈடுபட்டார்.

1953 ஜூன் 8ஆந் திகதி, இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவையொட்டி, பிரிற்றனின் ‘குளோரியானா’ கொவென்ற் கார்டனில் அரங்கேறியது. குறொஸ் முதலாம் எலிசபெத்தாகப் பாடினார். அரச குடும்பத்தினரும் அமைச்சரும் தூதுவரும் நிறைந்த அவை அதனைக் குளிர்ந்த மௌனத்துடன் எதிர்கொண்டது. முதுமையுற்று, பொய்மயிர் களைந்த நிலையில், தன் தனிமையுடன் நிற்கும் அரசியை விழாநாளிற் காண அவர்கள் விரும்பவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர்ச் சட்லர்ஸ் வெல்ஸில் ‘கிறைம்ஸ்’ பெற்ற வரவேற்பையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்ப்போமாயின், கடினமான கலையை ஏற்கும் ஆற்றல் கல்வியையும் செல்வத்தையும் மட்டும் பொறுத்ததன்று என்பது புலனாகும். அடுத்த ஆண்டில் வெனிஸ் நகரில் அரங்கேறிய ‘திருகின் முறுக்கு’ ஒபராவில் இல்லப் பணிப்பெண் குறோஸாகப் பாடிய பின்னர், 1950களின் நடுப்பகுதியில் அவர் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். 1993 டிசம்பர் 12ஆந் திகதி, ‘கிறைம்ஸ்’ கதையின் ஊற்றாகிய ஓல்ட்பரோவில் அவர் காலமானார்.

அவர் காத்த குழு 1968இல் கொலிசியம் அரங்குக்குப் பெயர்ந்து, 1974இல் ஆங்கில தேசிய ஒபரா என்ற பெயரைப் பெற்றது. அதன் வரலாற்றில் எம்மா கொன்ஸும் பெய்லிஸும் நிறுவுநர் என்ற வகையில் போற்றப்படுகின்றனர். குறொஸ் அவ்வரிசையில் மூன்றாமவர். முன்னைய இருவரும் மக்களின் நலன் நாடி அரங்கைத் திறந்துவைத்தவர்கள். குறொஸ் அவ்வரங்கின் கூட்டுப்பாடகர் வரிசையிலிருந்து எழுந்து அதன் பொறுப்பை ஏற்றவர். கொடையாகத் தொடங்கிய ஒன்று தொழிற் கலைஞரின் கைக்கு மாறிய கட்டத்தை அவர் குறிக்கின்றார். அம்மாற்றம் முழுமை பெறவில்லை. முடிவெடுக்கும் உரிமை குழுவுக்குப் பரவாமல் ஒருவரிடமே தங்கியது. அதுவே அவரது வீழ்ச்சிக்கும் வழிகோலியது.

ஒலிப்பதிவுகளில் அவருடைய குரல் ஓரளவு எஞ்சியுள்ளது. 87 இடங்களில் அவர் திறந்துவைத்த மேடைகளுக்கு அத்தகைய பதிவு இல்லை. பாடியவர் எவ்வளவு சிறப்பாகப் பாடினார் என்று கேட்பதோடு, அவர் யாருக்காகப் பாடினார், அப்பாட்டு அவர்களிடம் சென்று சேர எவர் உழைத்தார் என்றும் கேட்கும்போதுதான் கலைவரலாறு சமூக வரலாறாகின்றது. ஜோன் குறொஸ் பற்றி எழுதப்படவேண்டிய வரலாறு அவ்வகையினதே.